வயிற்றோடு ஒரு பாட்டில்

கோடைக்கானல் கால்நடை மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எனக்கு மூத்தவராக அங்கே இருந்த மனிதரின் மூக்கை மட்டும்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் மூடிக் கிடந்தது. தலையில் குரங்குக் குல்லா, அதைச் சுற்றி மப்ளர், மப்ளருக்கு மேல் துண்டால் ஒரு தலைப்பாகை. உடம்பில் இரண்டு பனியன், பிளானல் சட்டை, முழுக்கை ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கறுப்புக் கம்பளி. மாதம் மே. வெளியே ஏரிக்கரையில், சீசனுக்கு வந்த மதுரைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு கடலை கொறித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"கதவச் சாத்துங்க, காத்து வருது" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

ஊரில் அவருக்குக் கம்பளியார் என்று பெயர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் கீழே நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். அப்பா பன்றிக்கு ஊசி போட்டவர் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாமலே இருக்கலாம். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் அவருக்குச் சொந்த ஊர். வீட்டுக்கு எழுதுகிற கடிதங்களில் மாடு வரும், துரைமார் குதிரை வரும், கோவேறு கழுதைகூட வரும். பன்றி மட்டும் ஒருநாளும் வராது. மலைக்கு வந்து ஏழு வருஷத்தில் அவர் ஊசி போட்ட உருப்படிகளில் பாதிக்கு மேல் பன்றிதான்.

நான் வில்பட்டிக்காரன். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். வெள்ளனே எழுந்து உறைபனி மேல் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவன். குளிர் எங்கள் வீட்டு ஆள் என்ற நினைப்பு எனக்கு உண்டு. குளிருக்குப் பயப்படுகிறவர்களைக் கண்டால் ஓர் இளக்காரம் தானாக வந்துவிடும். தினமும் ஒற்றைச் சட்டையோடு வில்பட்டியிலிருந்து நடந்து வந்து அவர் முன்னால் நிற்பேன். வேண்டுமென்றே மேல் பொத்தானைத் திறந்து விட்டுக்கொள்வேன்.

"வில்பட்டியாரே, ஒங்களப் பாக்கிறப்பவே எனக்கு நடுங்குதுங்க" என்பார். நான் சிரித்துக்கொண்டு இன்னொரு பொத்தானைத் திறப்பேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பயிற்சி முடித்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கண்ணாடி போட்டு மருந்தகச் சுவரில் மாட்டியிருந்தேன். கம்பளியாருக்குச் சான்றிதழ் கிடையாது. எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்து ஊசி போடப் பழகியவர். டாக்டர் என்பவர் கீழே இருந்தார். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, கையெழுத்துப் போட்டு, பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். மற்ற நாட்களில் மலையின் ஆடு மாடு பன்றியெல்லாம் எங்கள் இருவர் பொறுப்பு.

கம்பளியாரின் விசேஷம் தனக்குக் குளிர்வதோடு நின்றுவிடவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனைக்கும் குளிர்கிறது என்று நம்பினார். மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் கோலை, வைக்க வேண்டிய இடத்தில் வைப்பதற்கு முன்னால், இரண்டு கைக்கும் நடுவில் உருட்டி வாயால் ஊதிச் சூடாக்குவார். மாட்டுக்காரன் பொறுமை இழந்து பார்ப்பான்.

"வெரசா வைங்கய்யா, சோலி கெடக்கு."

"இருப்பா. சில்லுன்னு ஒன்னய ஒருத்தன் அப்படிப் பண்ணினா நீ சும்மா நிப்பியா? அதுக்குங் குளிரும்ல, பாவம்."

'குளிரும்ல, பாவம்.' ஒரு நாளைக்கு இருபது தடவை இது அவர் வாயிலிருந்து வரும். மைக்கூட்டை அடுப்பு ஓரத்தில் வைப்பார், மைக்குக் குளிருமாம். வருகைப் பதிவேட்டைச் சாக்கில் சுற்றுவார். ஒருமுறை பிறந்து நாலு நாளான பன்றிக்குட்டிகள் ஒன்பதுக்கும் கோணியை வெட்டிச் சட்டை தைத்து மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், தாய்ப்பன்றி ஒன்பது சட்டையையும் தின்றுவிட்டு வயிறு உப்பிப் படுத்திருந்தது. அதற்கு விளக்கெண்ணெய் புகட்டுவதில் எங்களுக்கு அரை நாள் போயிற்று. அப்போதும் அவர் அசரவில்லை. "பசிக்குத் திங்கல, குளிருக்குத் தின்னுருக்கு" என்று சொல்லிவிட்டார்.

வருஷா வருஷம் இடமாற்றம் கேட்டு மனு எழுதுவார். நான் சேர்ந்த பிறகு எழுதித் தருவது நான். 'இவ்விடத்துக் குளிரினால் என் உயிருக்கும் அரசாங்க வேலைக்கும் ஒருசேர ஆபத்து' என்ற வரியை ஒவ்வொரு மனுவிலும் கட்டாயம் சேர்க்கச் சொல்வார். பதில் வராது. மேகம் இல்லாத நாட்களில் முருகன் கோயிலுக்குப் போவார். அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலையும் அதைச் சுற்றி வெளுத்துக் கிடக்கிற சமவெளியும் தெரியும். எல்லோரும் பழனி மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இவர் கொஞ்சம் தள்ளி, வெறும் வயற்காட்டைக் காட்டி என்னிடம் சொல்வார்: "பாருங்க வில்பட்டியாரே. அங்க இப்ப வெயில் அடிக்குது." அப்போது அவர் கண் கலங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

மருந்து பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்வெட்டரின் உள்பக்கம், வயிற்றுக்கு நேராக, கம்பளித் துணியில் ஒரு பை தைத்திருந்தார். தடுப்பூசி மருந்து எது வந்தாலும் வெளியே கிளம்பும்போது பாட்டில் அந்தப் பைக்குள் போய்விடும். நான் இதைக் கண்டித்தேன். மருந்தோடு வருகிற காகிதத்தை எடுத்து, அவருக்குப் புரியாது என்று தெரிந்தே ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டி, பிறகு பெரிய மனசு பண்ணித் தமிழில் சொன்னேன். "குளிர்ச்சியான இடத்தில வைக்கணும்னு போட்டிருக்குண்ணே. நீங்க என்னடான்னா கோழி அடைகாக்கிற மாதிரி காக்கிறீங்க."

"அத எழுதினவன் எங்க உக்காந்து எழுதினான்? கீழ, வெயில்ல. அவன் இங்க வந்து ஒரு நா இருக்கட்டும்."

எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரித்தேன். கடைத்தெரு முழுக்கச் சிரித்தது.

கடைத்தெருவுக்குப் பின்னால் இறங்குகிற சந்தில் பாக்கியம் என்று ஒரு பெண் பன்றி வளர்த்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பதின்மூன்று பன்றிதான் அவளுக்குச் சொத்து, சோறு, சொந்தம் எல்லாம். பள்ளிக்கூட ஆஸ்டல், கான்வென்ட், ஓட்டல், கிளப்பு என்று ஒவ்வொரு சமையல்கட்டின் பின்வாசலிலும் மிச்சம் மீதியை டின்னில் வாங்கி வந்து போடுவாள். எந்தச் சமையல்கட்டுச் சோற்றை எந்தப் பன்றி விரும்பித் தின்கிறதோ, அந்தப் பெயரையே அதற்கு வைத்திருந்தாள். "ஏலே கிளப்பு, தள்ளு. ஆஸ்டலு, ஒனக்குத்தான் மொதல்ல போட்டேன்ல" என்று அவள் பேசுவது மேட்டுத் தெரு வரை கேட்கும். அவற்றில் பெரிய தாய்ப்பன்றி கான்வென்ட்டு. அந்த மார்கழியில் அது சினையாக இருந்தது. அது போடப்போகிற குட்டிகளை வளர்த்து விற்றுத்தான் பாக்கியத்துக்கு அடுத்த வருஷம் ஓட வேண்டும்.

அந்தச் சமயத்தில் மலை அடிவாரத்துப் பக்கம் பன்றிகளுக்கு நோய் கண்டிருந்தது. இருமும், மூச்சு வாங்கும், வாயைத் திறந்தபடி உட்காரும், இரண்டு மூன்று நாளில் நெஞ்சு அடைத்துச் சாகும். கிருமியால் வருகிற நுரையீரல் காய்ச்சல். மேலே ஏறி வருவதற்குள் தடுப்பூசி போட்டுவிடச் சொல்லி டாக்டர் மருந்து அனுப்பினார்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று என் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாக்கியத்தின் பட்டி வாசலில் நின்று நான் விளக்கினேன். செத்த கிருமியை உடம்புக்குள் செலுத்துவது, உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்வது, எதிர்ப்புச் சக்தி உற்பத்தியாவது, அதற்குப் பிடிக்கிற கால அவகாசம் என்று சான்றிதழில் இருந்ததையெல்லாம் சொன்னேன். பாக்கியம் கொட்டாவி விட்டாள்.

"செத்துப்போன கிருமியக் காசு குடுத்து வாங்கி எதுக்கு சார் என் பன்னிக்குள்ள விடுறீங்க?" என்று கேட்டாள்.

கம்பளியார் மப்ளரை வாயிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கினார். "இந்தா பாரு பாக்கியம். ஊசி போட்டா, பன்னி ஒடம்புக்குள்ள ஒரு கம்பளி நெய்யும். இந்த மருந்துதான் நூலு. நெய்யுறது பன்னியோட சோலி. நெய்ஞ்சு முடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள நோய் வந்தா, பாதிக் கம்பளி, பத்தாது. முடிச்ச பெறகு வந்தா, ஒண்ணும் செய்யாது."

"போட்ட எடம் வீங்குமே?"

"வீங்கட்டும். அது நூல்கண்டு."

பாக்கியத்துக்கு விளங்கிவிட்டது. "அப்ப நாளைக்கே போடுங்க" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த ஆளுக்கு வியாதியும் குளிர், வைத்தியமும் கம்பளி. வேறு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அதைவிடச் சரியாக யாரும் அதைச் சொல்லி நான் பிறகு கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மருந்துப் பெட்டி அன்று மாலை பஸ்ஸில் வந்தது. நாலு பாட்டில். வழியெல்லாம் வெயிலில் வந்த பெட்டி. உள்ளே வைத்திருந்த ஐஸ் கரைந்து போயிருந்தது. மருந்தகத்துக்குள் கம்பளியாரின் அடுப்பு. குளிர்ச்சியான இடம் என்றால் எது என்பதை இவருக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பின்புறம் விறகுக் கொட்டகை மேல் தகரக் கூரை இருந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. அப்படி இருந்தால் உறைபனி நிச்சயம். பாட்டில்களைத் தகரத்தின் மேல் வரிசையாக வைத்தேன்.

கம்பளியார் கீழே நின்று பார்த்தார். "அங்கயா? ராத்திரி பூராவா?"

"குளிர்ச்சியான இடம்ணே. காகிதத்தில போட்டிருக்கு."

"குளிரும்ல, பாவம்" என்றார். நான் வில்பட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

காலையில் வந்து பார்த்தேன். தகரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பாட்டில் மூன்றுதான் இருந்தது. நாலாவது பாட்டில் கம்பளியாரின் வயிற்றில் இருந்தது. "ஒண்ணாச்சும் பொழைக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேங்க" என்றார், திருடிப் பிடிபட்ட முகத்தோடு. நான் கத்தினேன். மூன்று பாட்டிலும் கல்லாக உறைந்திருந்தன. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்க் குளிர் தன் வேலையைச் செய்திருக்கிறது. வெயிலில் வைத்ததும் இளகிற்று. குலுக்கினேன். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து, அடியில் குறுணை குறுணையாக நின்றது. இன்னும் பலமாகக் குலுக்கினேன்.

கம்பளியார் எட்டிப் பார்த்தார். "திரிஞ்சு போச்சுங்க. நூலு அறுந்து போச்சு. இத வேண்டாம்ங்க."

"ஏன், இதையும் அடுப்புல வச்சுச் சூடு பண்ணணுமா?" என்றேன்.

"இல்லங்க. கீழ கொட்டிட்டு, வேற கேட்டு எழுதுவோம்."

கண்ணாடிக் கோலுக்கும் மைக்கூட்டுக்கும் குளிர்கிறது என்று சொல்கிற மனிதர், மருந்துக்குக் குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நான் காகிதத்தை எடுத்து முதல் வரியை மறுபடியும் சத்தமாக வாசித்தேன். அவர் மப்ளரை வாய்க்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

பாக்கியத்தின் பட்டியில் முதலில் அவர் போட்டார். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில். வயிற்றிலிருந்து எடுத்த பாட்டில் எட்டுப் பன்றிக்கு வந்தது. கான்வென்ட்டு மூலையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. "அதுக்கும் என் பாட்டில்லயே போட்டுருவோம், செத்த இருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மருந்து தீர்ந்துவிட்டது. கான்வென்ட்டுக்கும் மற்ற நாலுக்கும் நான் போட்டேன். சந்தில் இருந்த மற்ற இரண்டு பட்டிகளுக்கும் என் பாட்டில்தான். அன்று சாயங்காலம் வில்பட்டிக்கு நடந்து போகும்போது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து நோய் சந்துக்குள் வந்தது.

என் ஐந்தில் நாலு செத்தன. கான்வென்ட்டு மூன்றாம் நாள் செத்தது. பக்கத்துப் பட்டிகளிலும் சாவு. கம்பளியார் போட்ட எட்டில் இரண்டு மட்டும் ஒருநாள் சோறு தின்னாமல் இருந்துவிட்டு எழுந்துகொண்டன. நான் போனபோது பாக்கியம் அழவில்லை. கான்வென்ட்டின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உள்ள இன்னும் அசையுது சார்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கம்பளியார் தன் கறுப்புக் கம்பளியை எடுத்து அந்தச் செத்த பன்றியின் மேல் போர்த்தினார். அதற்கு முன்னால் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அன்று நான் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். அத்தனை தடவை வாசித்துக் காட்டிய காகிதம். முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரி இருந்தது. உறைய விடக்கூடாது, உறைந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. மருந்தோடு படிகாரம் சேர்த்திருக்கிறார்கள். உறைந்தால் அது பிரிந்துபோகும், எத்தனை குலுக்கினாலும் சேராது. அவ்வளவும் அச்சில் தெளிவாக இருந்தது. சான்றிதழ் வைத்திருந்த நான் ஒற்றை வரியோடு நிறுத்தியிருந்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

டாக்டர் விசாரிக்க வந்தார். சந்துக்குள் இறங்கவில்லை, நாற்றம். மருந்தகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எந்தப் பட்டியில் எந்தப் பாட்டில் என்று கேட்கவில்லை, பாக்கியத்தைக் கூப்பிடவும் இல்லை.

"ஊசி போட்ட பன்னி எப்படிய்யா சாகும்? மருந்த எங்க வச்சிருந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். திறந்ததாகத்தான் ஞாபகம். அதற்குள் டாக்டரின் கண் கம்பளியாரின் வயிற்றுக்குப் போய்விட்டது. ஸ்வெட்டர் அங்கே பாட்டில் வடிவத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது மாட்டுக்கு வைத்திருந்த வேறு ஏதோ மருந்து.

"அது என்னய்யா வயித்துல?"

கம்பளியார் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"தடுப்பூசி மருந்தையும் இப்படித்தான் சூடு பண்ணினியா?"

கம்பளியார் என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையில் காகிதம் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் என் சான்றிதழ் இருந்தது.

"ஆமாங்க ஐயா" என்றார் கம்பளியார். "நாந்தாங்க. எனக்கு இந்தக் குளிரு ஆகாதுங்க ஐயா. ஏழு வருசமா எழுதிப் போடுறேன்."

"உன்ன மலையில வச்சதே தப்புய்யா!" என்று டாக்டர் மேசையைத் தட்டினார். அந்த வாரமே ஆணை வந்தது. பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில், மருந்தைக் கெடுத்தவர் என்று ஒரு வரி. கூடவே, பழனிப் பக்கம் இடமாற்றம். ஏழு மனுவால் முடியாத காரியம் நாலு பன்றியால் முடிந்தது.

அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், தண்டனை பெற்ற ஆள் என்று சொல்லமாட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே மப்ளரை அவிழ்த்தார், குல்லாயைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கடைசியில் ஸ்வெட்டரையும் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கீழ போனா இது எதுக்குங்க? நீங்க வச்சுக்கங்க. பை நல்லாத்தான் இருக்கு, கிழியல."

"எனக்குக் குளிராதுண்ணே" என்றேன்.

"ஒங்களுக்கா குடுக்கிறேன்? பாட்டிலுக்கு."

பங்குனி உத்திரத்துக்கு நான் பழனிக்குப் போனேன். சாமி கும்பிடத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அவரைத் தேடிப் பிடித்தேன். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். பனை விசிறியால் விசிறிக்கொண்டே, "வேகுதுங்க, பாவம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். மூலையில் மணல் நிரப்பிய பானை ஒன்று. மணலில் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கி, மருந்து பாட்டில்களைக் கழுத்து வரை புதைத்து, மேலே நனைத்த துணி போட்டிருந்தார். விசிறி அவருக்கு இரண்டு தடவை, பானைக்கு இரண்டு தடவை என்று போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர் வெயிலுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காகிதத்தை அவர் அப்போதும் படித்திருக்கவில்லை. தனக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அதையே மருந்துக்கும் செய்வார். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

மோர் கொடுத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னிக்கு டாக்டர் முன்னால நான்..."

"எனக்குத்தான் வெயில் கெடச்சுருச்சே. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றார். விசிறியை நிறுத்தினார். "பாக்கியத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"கான்வென்ட்டு எனக்கு இல்லீங்களே, அவளுக்குல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி பானைக்கு விசிற ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கடிந்து சொன்னது இது ஒன்றுதான்.

ஆனி மாதம் அடுத்த சுற்று ஊசி. மேகம் இறங்கிச் சந்தில் முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. பெட்டிக்குள் ஈரப்பாசி போட்டு, பாட்டில் உறையாமலும் சூடாகாமலும் நான் பக்குவமாகக் கொண்டுபோனேன். பாக்கியம் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒன்பது பன்றி.

"பாட்டிலு எங்க இருந்துச்சு?"

"பெட்டியில."

"கம்பளிக்காரரு சட்டை ஒங்ககிட்டதான இருக்கு? போட்டுட்டு, அதுக்குள்ள வச்சு எடுத்துட்டு வாங்க."

"அவர் சூடு பண்ணித்தான் பன்னி செத்துச்சுன்னு டாக்டரே எழுதியிருக்காரு" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"எழுதிருப்பாரு. அவரு வந்து பாத்தாரா? எந்தப் பாட்டிலு எந்தப் பன்னிக்குப் போச்சுன்னு நான் இங்கன நின்னு பாத்தேன் சார்."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "அக்கா, தப்பு என்னோடது. மருந்து உறையக் கூடாது. தகரத்து மேல வச்சு உறைய விட்டது நான்தான். அவரு வேண்டாம்னு சொன்னாரு, நான்தான் கேக்கல. பெட்டியில இருக்கிற இந்த மருந்து நல்ல மருந்து. சட்டைக்குள்ள வைக்கத் தேவையில்ல."

கிளப்பு வந்து அவள் காலில் மூக்கை வைத்து இடித்தது.

"இத டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லக்கா."

"அப்ப, அவருகிட்டச் சொல்ற வரைக்கும் சட்டைக்குள்ளயே வைங்க" என்றாள்.

மருந்தகத்துக்குத் திரும்பிப் போய், ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்துத் தலை வழியாக மாட்டினேன். கற்பூரமும் அடுப்புப் புகையும் கலந்த அவர் வாசனை இன்னும் அதில் இருந்தது. பாட்டிலைப் பைக்குள் விட்டுக்கொண்டு சந்தில் இறங்கினேன். கடைத்தெரு பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பட்டி வாசலில் போய் நின்றபோது, பாட்டிலின் சில்லிப்பு துணியைத் தாண்டி வயிற்றில் ஏறிற்று. உடம்பு ஒருதரம் உதறியது. பாக்கியம் அதைப் பார்த்தாள்.

"குளிருதா சார்?"

வில்பட்டியில் பிறந்து வளர்ந்த நான் அந்த வார்த்தையை என்னைப் பற்றி அதுவரை சொன்னதில்லை.

"குளிருதுக்கா" என்றேன்.

அவள் கதவைத் திறக்கவில்லை. "நில்லுங்க" என்றாள். "பாட்டிலு சூடாகட்டும்."